எதிர்க்கட்சி பிசாசு

பிறவிக் கிறிஸ்தவனுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு. ஆண்டவர் தன்னை எப்படித் திருத்தினார் என்று சபையில் எழுந்து சாட்சி சொல்ல ஒன்றும் இருக்காது. அறுபதுகளில் கடலூருக்குப் பிரசங்கிக்க வந்துபோன ஊழியக்காரர்களில் பாதிப் பேர் முன்னாள் குடிகாரர்கள், மீதிப் பேர் முன்னாள் ரவுடிகள். அவர்கள் சாட்சி சொன்னால் சபையே அழும். நான் செய்த அதிகபட்சப் பாவம் பிரசங்க நேரத்தில் தூங்கியது. அதற்கு யார் அழுவார்கள்?

அந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்திலிருந்து அக்காவின் கடிதம் வந்தது. அவள் வீட்டுக்காரர், நான் மாமா என்று கூப்பிடுபவர், கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகியிருந்தது. சர்ச்சை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம். மாமா சர்வேயர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். சபையில் ஒருவர், கிள்ளை வாய்க்காலில் முதலை தன்னைத் துரத்தியதாகவும், ஜெபித்ததும் ஆண்டவர் அதன் வாயைக் கட்டிப்போட்டதாகவும் சாட்சி சொல்ல, மாமா எழுந்து, "எந்த வாய்க்காலு? ஆழம் எத்தினி அடி?" என்று கேட்டுவிட்டார். உட்காரச் சொன்னார்கள். அவர் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்டுல ஜெபக்கூட்டம். நீ வந்து சாட்சி சொல்லு. நீ சொன்னா கேப்பாரு. இத விட்டா எனக்கு வேற வழி தெரியல" என்று எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் மை கலைந்திருந்தது. அக்கா லேசில் அழுகிறவள் இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

பயத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? ஒரு நோட்டை எடுத்து, அதுவரை கேட்ட சாட்சிகளிலிருந்தெல்லாம் பொறுக்கி, எனக்கென்று ஒரு பாவ வாழ்க்கையைத் தயாரித்தேன். நன்றாகவே வந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கடலூர் முதுநகரில் பாசஞ்சர் ரயில் ஏறி, மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். எதிரே மடியில் கேஸ் கட்டோடு ஒரு வக்கீல் குமாஸ்தா. அவர் பக்கத்தில், ஜும்மா தொழுகைக்குப் பரங்கிப்பேட்டை போகும் ஜவுளிக்கடை பாய். என் வாய் முணுமுணுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு குமாஸ்தா கேட்டார்.

"தம்பி எங்க போறீங்க?"

"சிதம்பரத்துக்கு. சாட்சி சொல்லப் போறேங்க."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எந்த கோர்ட்டு?"

"கோர்ட்டு இல்லீங்க. வீட்டுலதான்."

"ஓ, வீட்டுக்கே வந்து விசாரிக்கிறாங்களா? உங்க கட்சி யாரு?"

"ஆண்டவருங்க."

"எந்த ஊரு ஆண்டவரு? அவரும் ஆஜராவாரா?"

"வருவாருங்க. ஆனா கண்ணுக்குத் தெரியமாட்டாரு."

"தலைமறைவா?" குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "எதிர்க்கட்சி?"

"பிசாசுங்க."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பேரு இன்னா?"

பாய்க்கு அதற்கு மேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சார், அவுரு வேதக்காரரு. அவுங்க கூட்டத்துல சாமியப் பத்திச் சொல்றதுக்குப் பேரு சாட்சி. எங்களுக்கும் கலிமா சொல்றது சாட்சிதான்."

குமாஸ்தாவுக்கு வெட்கமெல்லாம் வரவில்லை. எந்தச் சாட்சியானாலும் சாட்சிதானே என்று கையை நீட்டி நோட்டை வாங்கிப் படித்தார்.

"கள்ளச்சாராயம் குடிச்சீங்களா?"

"இல்லீங்க."

"அக்காவ அடிச்சீங்களா?"

"அக்காகிட்ட அடி வாங்கித்தான் பழக்கம்."

"கேக்கப்போறது யாரு?"

"எங்க மாமா. அக்கா வீட்டுக்காரரு."

"அக்காவ அடிச்சியா இல்லியான்னு அக்கா வீட்டுக்காரருக்குத் தெரியாதா தம்பி?"

சத்தியமாக அதை நான் யோசிக்கவே இல்லை.

"முதல் கேள்வியிலேயே ஒடஞ்சிடுவீங்க" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். "கண்ணால பாத்தத மட்டும் சொல்லுங்க. கேட்டதச் சொல்லாதீங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க. அந்த சாட்சிய எந்த வக்கீலாலயும் அசைக்க முடியாது."

எனக்கு வந்ததே கோபம். ஒரு வாரம் உட்கார்ந்து எழுதியது. கோர்ட்டு வாசலில் பிழைக்கிற மனுஷன் எனக்கு விசுவாசம் சொல்லித் தருகிறானா என்று சிதம்பரம் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாயங்காலம் கூடத்தில் இருபது பேர். மாமா கதவோரம் கைகட்டி நின்றிருந்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து நோட்டைத் திறந்தேன். முதல் வார்த்தையே "கள்ளச்சாராயம்". கதவோரம் நின்ற மாமாவைப் பார்த்தேன். நோட்டை மூடினேன்.

"சொல்லிக்கொள்கிற மாதிரி நான் எந்தப் பாவமும் செய்யவில்லை. அற்புதம் எதையும் பார்த்ததும் இல்லை" என்றேன். மேடைத் தமிழ் தானாக வந்தது. "கண்ணால் பார்த்தது ஒன்றுதான். எங்கள் அப்பா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தார். நாற்றம் தாங்காமல், பெற்ற மகன் நான் வாசலில் நின்றேன். ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தோறும் சிதம்பரத்திலிருந்து ரயிலேறி வருவார். அப்பாவைத் துடைத்து, சவரம் செய்துவிட்டு, வேதம் வாசித்துவிட்டுப் போவார். ஒரு நாளும் அவர் முகம் சுளிக்கவில்லை. ஆண்டவர் இருக்கிறார் என்று அந்த அறையில்தான் எனக்குத் தெரிந்தது. வேறு எதுவும் எனக்குத் தெரியாது."

யாரும் அழவில்லை. உட்காரப் போனேன்.

"சாட்சியில ஒரு தப்பு இருக்கு" என்றார் மாமா. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை இல்ல. சனிக்கிழமை. ஞாயித்துக்கிழமை எப்புடி வர்றது? கோயிலுக்குப் போவணும்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருக்கிறது. கட்டியிருந்த கையை அவிழ்த்தார். எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கொல்லைப் பக்கம் போய், வெகுநேரம் முகம் கழுவினார்.

அடுத்த வாரம் அக்காவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "ஞாயித்துக்கிழமை கோயிலுக்கு வந்தாரு. முன்வரிசையில ஒக்காந்தாரு. முதலைக்காரரு அன்னிக்கி சாட்சி சொல்ல எழுந்திருக்கவே இல்ல."