தொண்டை கட்டிய வாரம்

அச்சகத்தில் அவளுக்குச் சங்கக்கா என்று பெயர். ஆலைச் சங்கு ஊதினால் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் கேட்கும் குரல். பன்னிரண்டு வருடமாகத் தாள் மடிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கிறாள். ஒரு பக்கம் மடிக்கும் இயந்திரம் தடதடக்கும், மறுபக்கம் வெட்டும் இயந்திரம் தொம்மென்று இறங்கும். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "பக்கம் மாறிப்போச்சு, நிறுத்து!" என்று எதிர்ச் சுவரோரம் இருப்பவன் காதில் விழும்படி கத்த வேண்டும். எட்டு மணி நேரம் அப்படிக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், வேலை முடிந்துவிட்டது என்பது கைகால்களுக்குத் தெரியும், தொண்டைக்குத் தெரியாது. "சாப்பிட வாங்க" என்று அவள் கூப்பிடுவது மூன்றாவது மாடிவரை போகும். அந்த மாடிக்காரர் ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, "தினமும் கூப்பிடறீங்க, நான்தான் வர முடியாம போயிடுது" என்றார்.

அவள் கணவன் நேர் எதிர். மருந்துக்கடையில் வேலை. அங்கே வருகிறவர்கள் வெளியில் சொல்ல முடியாத உபாதைகளைக் குனிந்து காதோடு சொல்வார்கள், அவனும் குனிந்து காதோடு பதில் சொல்வான். அதுவே பழகிப்போய், வீட்டில் உப்பு கேட்டாலும் ரகசியம் சொல்வது போலத்தான் கேட்பான்.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவளுக்கு நான்கரை வயது, சுண்டு என்று கூப்பிடுவார்கள். அடுத்தவனுக்குப் பத்து மாதம். தலையில் முடியும் இல்லை, வாயில் பல்லும் இல்லை என்பதால் அவனுக்கு 'பெரியவர்' என்று பட்டம்.

காலை ஏழிலிருந்து எட்டரைவரை அந்த வீடு வீடாக இருக்காது. பெரியவர் கிண்ணத்தைக் கவிழ்த்துத் தலையில் பூசிக்கொள்வார். சுண்டுவின் காலுறையில் ஒன்று எப்போதும் காணாமல் போயிருக்கும். "சுண்டு! பல்லு தேய்ச்சாச்சா? சுண்டு! செருப்பு கால் மாறியிருக்கு பாரு!" என்று அம்மா சமையலறையிலிருந்து கொடுக்கும் குரலுக்கு எல்லாம் ஓடும். பத்து மாதப் பிள்ளையைக் காப்பகத்தில் விட்டு, சுண்டுவை மழலையர் பள்ளியில் விட்டு, ஒன்பது மணிக்கு இயந்திரத்தின் முன்னால் போய் நிற்கும்போதுதான் அவள் நன்றாக மூச்சு விடுவாள்.

அந்த மழலையர் பள்ளி டீச்சர்தான் முதலில் சொன்னது.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா சொன்னா கேக்க மாட்டேங்கிறா. வட்டமா உக்காருங்கன்னா, மத்த பிள்ளைங்க உக்கார்ற வரைக்கும் நின்னு பார்த்துட்டுத்தான் உக்கார்றா. கதை சொன்னா பாதியில எழுந்து போயிடறா."

"வீட்ல அப்படி இல்லையே டீச்சர்! நான் ஒரு குரல் கொடுத்தா ஓடி வந்துடுவாளே!"

டீச்சர் தன்னையறியாமல் அரையடி பின்னால் போனாள். பூப்போன்ற குரல்காரி அவள். 'இந்தக் குரலை வச்சுக்கிட்டு இருபது பிள்ளைங்களை மேய்க்க முடியுமா, அதான் ஏமாத்துறாங்க' என்று நினைத்துக்கொண்டே இவள் வீட்டுக்கு வந்தாள்.

கணவனும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "நீ சொன்னா கேக்கறா. நான் சொன்னா மதிக்கிறதே இல்ல. சுவத்துகிட்ட பேசற மாதிரி இருக்கு." தூங்கப்போகும் முன் மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கதை சொல்ல அவனுக்கு ஆசை. நரிக்கு ஒரு குரல், கரடிக்கு ஒரு குரல் என்று தனக்குத் தெரிந்தவரை மாற்றி மாற்றிச் சொல்வான். விளக்கை அணைத்த இரண்டாவது நிமிடம் சுண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள். கரடி குகைக்குள் நுழைவதற்கு முன்பே தூங்கியிருப்பாள். சில வாரம் பார்த்தான். அப்புறம் கதையை விட்டுவிட்டான். வெளியே சொல்லவில்லை, ஆனால் மனசு சுருங்கிப்போயிருந்தது. பிள்ளைக்கு அம்மா போதும், நான் வேண்டாத ஆள் என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தான். ஒரு கையில் பை, இடுப்பில் பெரியவர். சுண்டு பத்தடி முன்னால் குதித்துக்கொண்டு போனாள். ஒரு வீட்டு வாசலிலிருந்து வேன் ஒன்று பின்பக்கமாக வெளியே வந்தது.

"சுண்டு, நில்லு!"

அவள் நிற்கவில்லை. "நில்லும்மா!" என்று மறுபடி கத்தினான். அவனால் முடிந்த உச்சம் அதுதான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாரோ தெருவில் போனவர் வேனின் முதுகில் ஓங்கி அடித்தார், வேன் ஒரு முழம் இடைவெளியில் நின்றது. தக்காளி தெருவெங்கும் உருண்டது. அவன் ஓடிப்போய் மகளை இழுத்து, கன்னத்தில் ஓர் அறை விட்டான். அவன் வாழ்க்கையில் ஒரு பிள்ளையை அடித்தது அதுதான் முதல் தடவை. சுண்டு உடனே அழவில்லை. எதற்கு அடி என்று புரியாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், பிறகுதான் உதடு பிதுங்கியது.

வீட்டில் பெரிய சண்டை. "பச்சப் பிள்ளை மேல கை வைப்பீங்களா?" என்ற அவள் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"நில்லுன்னு ரெண்டு தடவை சொன்னேன். கேட்டுக்கிட்டே போறா. வேன் ஏறியிருந்தா?"

"கையைப் பிடிச்சு கூட்டிட்டு வரத் தெரியாதா?"

"எனக்கு எத்தனை கை?"

அதோடு பேச்சு நின்றது. இரண்டு நாள் எல்லாம் பத்து மாதப் பிள்ளை வழியாகத்தான் நடந்தது. "பெரியவரே, உங்க அப்பாவைச் சாப்பிடச் சொல்லுங்க" என்பாள் அவள். "பெரியவரே, எனக்குப் பசியில்லன்னு சொல்லிடுங்க" என்பான் அவன். பெரியவர் இரண்டு பக்கமும் பார்த்து எச்சில் ஒழுகச் சிரிப்பார்.

மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை புண்ணாயிருக்கு. ஒரு வாரம் வாயைத் திறக்கக் கூடாது. அவசரம்னா மெதுவா ரெண்டு வார்த்தை, அவ்வளவுதான்" என்றார். அச்சகத்தில் விடுப்புக் கொடுத்தார்கள். "மிஷின் சத்தம் இன்னிக்குத்தான்க்கா எங்க காதுல விழுது" என்று கூட வேலை செய்யும் பெண் போனில் கிண்டல் செய்தாள்.

சுண்டுவுக்கும் சளி. அவளையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. பெரியவரையும் சேர்த்து மூன்று பேரும் வீட்டில்.

சுண்டு தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். "குளிக்க வா" என்றாள் அம்மா, கரகரத்த மெல்லிய குரலில். அசைவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இல்லை. 'என் தொண்டை போனதும் இவளுக்கும் துளிர்விட்டுப்போச்சு' என்று எரிச்சலோடு போய்ப் பென்சிலைப் பிடுங்கினாள். சுண்டு தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினாள். அன்றைக்கு இதே போல நாலைந்து தடவை நடந்தது. மத்தியானத்துக்கு மேல் பிள்ளையின் முகம் வாடிவிட்டது. தன்னுடைய துணிப் பொம்மையைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். போய்த் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள், பாதி தரையில் சிந்தியது. கடைசியில் அம்மாவின் தாடையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"அம்மா, ஏம்மா என்கூட பேச மாட்டேங்கிற? கோவமா?"

"காலையிலேர்ந்து பேசிக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றாள் அம்மா, அதே மெல்லிய குரலில்.

சுண்டு அவள் உதட்டையே உற்றுப் பார்த்தாள். "வாய் மட்டும் ஆடுது. சத்தத்தைக் காணோம்."

பக்கத்தில் தவழ்ந்துகொண்டிருந்த பெரியவர் அந்த மெல்லிய குரலுக்குத் திரும்பிப் பார்த்திருந்தார். பத்து மாதப் பிள்ளைக்குக் கேட்கிறது.

சாயங்காலம் கணவன் வந்ததும் அவனைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். சண்டை மறந்துபோயிற்று. "அவ கேக்க மாட்டேன்னு இல்லைங்க. அவளுக்குக் கேக்கல."

"என்ன சொல்ற?"

"பின்னாடி போய் நின்னு கூப்பிட்டுப் பாருங்க."

அவன் போனான். சுண்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நாலடி தள்ளி நின்று, "சுண்டு" என்றான். கொஞ்சம் கூட்டி, "சுண்டு, ஐஸ்கிரீம் வாங்கப் போலாமா?" என்றான். அவள் பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். ஐஸ்கிரீம் என்ற சொல்லுக்குத் திரும்பாத நான்கரை வயது உண்டா? பின்னாலேயே வந்த மனைவி இரண்டு கையையும் சேர்த்துப் படீரென்று தட்டினாள். சுண்டு உடனே திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "அப்பா, எப்ப வந்த?" என்றாள்.

அவன் குனிந்து மகளின் கன்னத்தைத் தொட்டான்.

"அப்போ அன்னிக்கு நான் நில்லுன்னது..."

மனைவி தலையை மட்டும் ஆட்டினாள்.

காது டாக்டரம்மா குழாய் வைத்துப் பார்த்தார், சத்தம் புகாத சின்ன அறைக்குள் உட்காரவைத்துச் சோதனை செய்தார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்றார். "தண்ணிக்குள்ள தலையை முக்கிட்டுக் கேட்டா எப்படி இருக்கும்? அப்படித்தான் இவளுக்கு. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைங்களுக்கு வர்றதுதான். சரியாயிடும். எவ்வளவு நாளா இருக்கு?"



"ஒவ்வொரு சளிக்கும் மருந்து குடுத்தது நான்தான் டாக்டர்" என்றான் அவன். "தினமும் நூறு பேருக்கு மருந்து எடுத்துக் குடுக்கிறேன். எனக்கே தோணல. அவளை அடிச்சேன்."

"என்னாலதான்" என்றாள் அவள், குரல் இன்னும் சரியாகாமல். "நான் கத்துறதால வீட்ல தெரியாமலே போச்சு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க கத்தலேன்னா இவ இவ்வளவு பேசக் கத்துக்கிட்டிருக்க மாட்டா. வீட்ல ஒருத்தர் குரலாவது அவளுக்குள்ள போயிருக்கு. ரெண்டு பேரும் அழுகையை நிறுத்திட்டு, நான் சொல்றதைக் கேளுங்க."

மூன்று மாதம் பொறுத்துப் பார்க்கலாம், நீர் தானாக வற்றாவிட்டால் செவிப்பறையில் கடுகளவு குழாய் வைத்துவிடலாம் என்றார். அதுவரை தோளைத் தொட்டுவிட்டு, முகத்துக்கு நேராகப் பேச வேண்டும்.

அந்த மூன்று மாதம் எளிதாக இல்லை. சொன்னதையே மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். அவசரத்தில் அம்மாவுக்குப் பொறுமை போகும், பிறகு பிள்ளையைக் கட்டிக்கொள்வாள். டீச்சர், விஷயம் தெரிந்ததும் கண் கலங்கிப்போய், சுண்டுவை வட்டத்தில் தன் எதிரில் உட்காரவைத்தாள். அப்பா மறுபடி கதை சொல்ல ஆரம்பித்தான். இந்தத் தடவை விளக்கை அணைக்கவில்லை. சம்மணமிட்டு மகளுக்கு எதிரில் உட்கார்ந்து, கன்னத்தை உப்பவைத்துக் கரடியாக உறுமினான். சுண்டு வாய் பிளந்து பார்த்தாள். கரடி குகைக்குள் போனது, நரி மாட்டிக்கொண்டது, அவள் தூங்கவே இல்லை. "இன்னொரு தடவை" என்றாள். நாலாவது தடவை கரடிக்கே தொண்டை கட்டிவிட்டது.

ஒருநாள் கதை முடிந்ததும், "அன்னிக்கு ரோட்டுல அப்பா அடிச்சேன்ல, அது தப்பு" என்றான் அவன், முகத்துக்கு நேராக. சுண்டு கொஞ்சம் யோசித்தாள். "தக்காளி எல்லாம் ஓடிப்போச்சே, அதுக்குத்தானே அடிச்ச?" என்றாள். தக்காளிக்காக அடி வாங்கியதாகவே இவ்வளவு நாளும் நினைத்திருக்கிறாள்.

நீர் வற்றவில்லை. குழாய் வைத்தார்கள். பத்துப் பதினைந்து நிமிட வேலைதான். ஆனால் மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனபோது இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், காப்பகத்திலிருந்து வந்த தொலைபேசி அழைப்பைக்கூட எடுக்கவில்லை. பெரியவருக்கு முதல் பல் முளைத்த செய்தி அது.

வீட்டுக்கு வந்த அன்று சுண்டு குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் நின்று, "இது ஏன் முனகுது?" என்றாள். அப்பாவின் செருப்புச் சத்தத்துக்குச் சிரித்தாள். கழிப்பறையில் தண்ணீர் இழுத்துவிட்டதும் வீறிட்டு அழுதாள். சமையலறையிலிருந்து, "சுண்டு! வந்து சாப்பிடு!" என்று வழக்கம்போலக் குரல் வந்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, ஏம்மா கத்துற?"

அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். சிரிக்க ஆரம்பித்தவள் அப்படியே அழுதும்விட்டாள்.

மெதுவாகப் பேசப் பழகிக்கொள்ள அவள் படாத பாடு பட்டாள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் தாக்குப்பிடிக்கும், பிறகு பழைய சுருதிக்கு ஏறிவிடும். மகளின் அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா அவளையே கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "நீங்களும் அந்தச் சோதனை அறைக்குள்ள போய் உக்காருங்க" என்றார். அவளுடைய இடது காது கணிசமாக மந்தமாகியிருந்தது. மடிக்கும் இயந்திரம் நிற்கும் பக்கம் அதுதான். "இது திரும்ப வராது. இதுக்கு மேல போகாம பார்த்துக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அன்று அவள் அழவில்லை. அடுத்த நாள் முதலாளி அறைக்குள் போனாள். கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசினாள், ஆனாலும் வெளியே இருந்தவர்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. பத்து நாளில் பதினாறு பேருக்கும் காதுறை வந்தது. இப்போது அங்கே யாரும் கத்துவதில்லை. பக்கம் மாறினால் கையைத் தூக்கி இரண்டு விரலைச் சுழற்ற வேண்டும். அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை அம்மாவும் மகளும் காதைக் காட்டச் சேர்ந்து போகிறார்கள். மருத்துவமனையின் நீளமான இருக்கையில் சுண்டு அம்மாவின் வலது பக்கமாகத்தான் உட்காருவாள். அந்தக் காதுதான் நல்ல காது என்று யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. போன தடவை அவர்கள் பெயரைக் கூப்பிட்டபோது அம்மா கவனிக்காமல் இருந்தாள். சுண்டு அவள் தோளைத் தொட்டு, எழுந்து முன்னால் வந்து, முகத்துக்கு நேராக நின்று சொன்னாள்.

"நம்மளைக் கூப்பிடறாங்கம்மா. வா."