லேசர் அக்காவின் இடது கன்னம்

எங்கள் தோல் கிளினிக்கில் அவருக்கு லேசர் அக்கா என்று பெயர் வைத்ததே நான்தான். நான் முன்னறையில் டோக்கன் கொடுப்பவள். அவர் உள்ளறையில் லேசர் கருவியைப் பார்த்துக்கொள்பவர். வருகிறவரின் தாடையைத் தாங்கியில் வைத்து, கண்ணை மூடச் சொல்லி, சிவப்புக் கோடு ஒன்றை முகத்தின் மேல் நகர்த்துவார். தோலின் மேடுபள்ளத்தை அளந்து கம்ப்யூட்டர் ஓர் எண்ணைச் சொல்லும். எண் கூடினால் முகத்துக்கு வயது கூடுகிறது என்று அர்த்தம். அலட்டிக்கொண்டு உள்ளே போனவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரும்போது எனக்குச் சிரிப்பு முட்டும். அக்கா சிரிக்க மாட்டார். "கண்ணாடியில நல்லாத்தாங்க இருக்கீங்க, இது வெறும் மெஷின்" என்று வாசல்வரை வந்து தேற்றி அனுப்புவார்.

ஏழு வருஷமாக மதியம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம். வாயாடுவது நான், தலையாட்டுவது அவர். கல்யாணம் ஆகவில்லை, வீட்டில் அம்மா மட்டும் என்று எப்போதோ சொன்னார். நானும் அதற்கு மேல் துருவவில்லை.

போன வாரம் டாக்டர் பழைய பதிவுகளைப் புரட்டியபோது பூதம் கிளம்பியது. கருவி சரியாக அளக்கிறதா என்று தினமும் காலையில் ஒரு சோதனைத் தட்டை அளக்க வேண்டும். தட்டின் வரிகள் மாறாதவை, எண்ணும் மாறக் கூடாது. அக்காவின் பதிவில் அது முப்பத்தெட்டில் தொடங்கி அறுபத்தொன்றுக்கு வந்திருந்தது.

"மெஷின் தப்பா அளக்குதுன்னா, நாம குடுத்த ரிப்போர்ட் எல்லாமே தப்பு. நீ தினமும் பார்த்துட்டு சும்மாவா இருந்தே?" டாக்டர் கத்தினார். "இன்ஜினியர் வந்து பார்க்கட்டும். மெஷின் கெட்டிருந்தா நீ வேற வேலை தேடிக்கோ."

அக்கா வழக்கம்போலத் தலையாட்டினார். இப்படியுமா ஒரு மனுஷி என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

இன்ஜினியர் புதுத் தட்டோடு வந்தார். மூன்று முறை அளந்தார். "மெஷின் கன கச்சிதமா இருக்கு டாக்டர். அப்போ இத்தனை நாளா எதை அளந்தீங்க மேடம்?"

அக்கா மேசை டிராயரைத் திறந்து, இரண்டாக உடைந்த பழைய தட்டை எடுத்து வைத்தார். "வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசம் கைதவறி விழுந்துடுச்சு. சொன்னா அனுப்பிடுவீங்கன்னு பயம். அதுக்கப்புறம் தினமும் என் இடது கன்னத்தைத்தான் வச்சேன். நேத்து வந்த எண்ணே இன்னைக்கும் வந்தா மெஷின் சரின்னு எழுதிப்பேன்."

ஒரு நாளுக்கும் மறுநாளுக்கும் கன்னம் மாறவா போகிறது? அப்படியே ஏழு வருஷம் ஓடியிருக்கிறது. ரிப்போர்ட்டெல்லாம் சரி என்றதும் டாக்டருக்கு மூச்சு வந்தது. "இனிமே தட்டைத் தவிர வேற எதையும் வைக்காதே" என்று முறைத்ததோடு விட்டுவிட்டார். வேலை தப்பியது.

இன்ஜினியர் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. "மூணு வருஷம் முன்னாடி, இந்த நாலு மாசம் மட்டும் எண் கிடுகிடுன்னு ஏறியிருக்கே. அப்போ என்ன ஆச்சு மேடம்?"

"எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க. ஒரு நாளும் தூக்கம் கிடையாது. நாலாவது மாசம் போயிட்டாங்க."

அந்த நாலு மாசமும் நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். "ஊர் சுருக்கத்தை எல்லாம் அளக்கிறீங்க, உங்க மூஞ்சியை முதல்ல கவனிங்கக்கா" என்று கேலி செய்ததும் அப்போதுதான். அவரும் சிரித்தார். வீட்டில் வேலை என்று மூன்று நாள் லீவு போட்டபோது, அவருடைய டோக்கன்களை மாற்றி எழுத வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டேன். "ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?"

அவர் டப்பாவை மூடினார். "யாராவது கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். யாரும் கேக்கலை." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை எட்டிப் பார்த்தேன். தாங்கியில் புதுத் தட்டு இருந்தது. அக்கா தள்ளி நின்று எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். தினமும் அவர் முகத்தைப் பார்த்துவந்த அந்த மெஷினும் இனி பார்க்காது. நான் பார்க்கிறேன் அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியாமல் டோக்கன் மேசைக்கே திரும்பிவிட்டேன்.