நீ வரணும்

அந்த நடுநிலைப்பள்ளித் தலைமையாசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் மணி டீச்சர். பியூன் ஓய்வு பெற்றபின் வேறு ஆள் வராததால் மணியடிக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது. அவர் அடிக்கும் அடியில் பக்கத்துத் தெருக் கடைக்காரர்களும் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டார்கள்.

ஊருக்குள் தனியார் பள்ளி வேன் வரத் தொடங்கியதிலிருந்து வகுப்புகள் வற்றிக்கொண்டே வந்தன. ஆறாம் வகுப்பும் ஏழாம் வகுப்பும் ஒரே அறைக்குள் அடங்கிவிட்டன. விடுமுறையில் அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். யாரும் முகத்தில் அடித்தாற்போல் பேசவில்லை. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். பிள்ளையை மட்டும் தரவில்லை. உங்கள் பள்ளியில் மார்க் வருவதில்லையே என்று தையல்காரியும் சொன்னாள். அவள் மகளே மணி டீச்சரின் பள்ளியில்தான் படித்தாள் என்பதால் அந்தச் சொல் ஆழமாகத் தைத்தது.

வட்டாரத் தேர்வில் சராசரி உயராவிட்டால், ரயில் பாதைக்கு அப்பாலுள்ள பள்ளியோடு இதை இணைத்துவிடப் போவதாகக் கல்வி அலுவலகம் தெரிவித்தது. கணக்கு வாத்தியார் ஒரு வழி சொன்னார். இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கிற நாலைந்து பேரை அன்றைக்கு வீட்டில் நிறுத்திவிட்டால் போதும் என்றார். அவர் கெட்டவரல்ல; அந்தப் பள்ளிக்காக லீவு நாட்களையெல்லாம் தொலைத்தவர். மணி டீச்சர் மறுக்கவில்லை. யோசிப்போம் என்று மட்டும் சொன்னார்.

பேச்சு எப்படியோ வகுப்புக்குள் கசிந்துவிட்டது. மறுநாள் மதியம், ஏழாம் வகுப்பில் படித்த தையல்காரியின் மகள் அவர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டீச்சர், பரீட்சைக்கு நான் வரல. காய்ச்சல்னு சொல்லிடறேன். அப்ப ஸ்கூலை மூட மாட்டாங்கல்ல?"

அவள் அழவில்லை. பெரிய உதவி செய்யப்போகிற முகத்தோடு நின்றாள். அதுதான் அவரைக் குலைத்துப் போட்டது. கணக்கு வாத்தியாரிடம் நேற்றே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"ஸ்கூல் இருக்கிறதே உனக்காகத்தாம்மா. நீ வரணும். தெரிஞ்சதை எழுது, போதும்."

எல்லோரும் எழுதினார்கள். சராசரி இறங்கியது. விடுமுறை முடிந்தபோது பள்ளிக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். மாற்றலாகிப் போன அன்று கணக்கு வாத்தியார், "உங்க பிடிவாதத்துக்கு ஒரு ஸ்கூலே போச்சு" என்றார்.

புதிய பள்ளியில் அவர் சாதாரண ஆசிரியை. காலையில் ரயில்வே கேட் அருகே நின்று, பழைய பிள்ளைகளைத் திரட்டி அழைத்துப்போவார். தையல்காரியின் மகள் அந்த ஆண்டு முடிவதற்குள் பாடத்தைத் தடுமாறாமல் வாசிக்கத் தொடங்கிவிட்டாள். தண்டவாளம் தாண்டி அனுப்பப் பயந்து, இரண்டு பெண்களை மட்டும் வீட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்த வீடுகளுக்கு அவர் விடாமல் போய்க்கொண்டிருந்தார். ஒருத்தி அடுத்த ஆண்டு திரும்பி வந்தாள். இன்னொருத்தி வரவேயில்லை.