கைப்பிடிச் சுவரோரம் ஒரு நாற்காலி

அரியலூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டின் முன்னால் சிறிய திறந்தவெளி ஒன்று உண்டு. நான்கு பேர் நெருக்கி உட்காரலாம். அதற்கு மேல் இடமில்லை. அதன் கைப்பிடிச் சுவர் என் இடுப்புக்குச் சற்றுக் கீழேயே முடிந்துவிடுகிறது. சுவருக்கு அப்பால், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகளின் சாலை. அந்த இடத்துக்கு நாற்காலி வாங்கவேண்டும் என்ற பேச்சு எழுந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று.

காரணம் எங்கள் மகள். அவளுக்கு அப்போது இரண்டு வயது முடிந்திருந்தது. தண்ணீர்க் குடம், அரிசி டப்பா, என் மடி என எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறி நின்றுவிடுவாள். ஏற எதுவும் இல்லாதவரை அந்தச் சுவர் அவளைக் காக்கும். அருகில் ஒரு நாற்காலி வந்துவிட்டால் அவளுக்கு அது படிக்கட்டு.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. என் மாமனார் உடையார்பாளையம் பக்கத்தில் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர். முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து எங்களோடு சில மாதம் தங்க வரவிருந்தார். தரையில் அமரமுடியாது, தாழ்வான இருக்கையிலிருந்து எழமுடியாது. வெட்டவெளியில் வாழ்ந்து பழகிய மனிதரைக் கொதிக்கும் அறைக்குள் அடைத்துவைப்பதும் ஒருவகைத் தண்டனைதான். அவருக்குத் தேவை உயரமான நாற்காலி. மகளுக்கு அதைவிட ஆபத்தான பொருள் வேறு இல்லை. அங்கன்வாடிப் பணியாளர்களுக்குக் குழந்தைப் பாதுகாப்பு பற்றிப் பயிற்சி தருவது என் வேலை. அந்த அறிவு என் அச்சத்தைக் குறைக்கவில்லை. எப்படியெல்லாம் நடக்கக்கூடும் என்று விவரமாகக் காட்டியது.

கீழ்த்தளத்தில் வசிக்கும் வீட்டுக்கார அம்மாவிடம், சுவரின்மேல் இரும்புக் கம்பித் தடுப்பு வைத்துத் தரும்படி கேட்டோம்.

"கம்பி வச்சா ஜெயிலு மாதிரி இருக்கும்மா. எம் புள்ளைங்க நாலு பேரும் இந்த வூட்டுலதான் வளந்துச்சுங்க. ஒருத்தனாவது வுழுந்தானா?" என்று சிரித்தார்.

விழாதவர்களின் தாயிடம் மேற்கொண்டு எப்படி வாதாடுவது?

பெரம்பலூரில் ஒரு கடைக்குப் போனோம். பிளாஸ்டிக் நாற்காலி கூடாது. குழந்தையே இழுத்துக்கொண்டு போய்விடும். பிரம்பு, மழைக்கு ஆகாது. மடக்கு நாற்காலியில் விரல் சிக்கும். நான் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருக்க, மகள் ஒரு சோபாவின் முதுகில் ஏறி நின்று கைதட்டினாள்.

"நாம சேரு வாங்க வந்தமா, சர்க்கஸ் பாக்க வந்தமா?" என்றார் கணவர்.

கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க தேடுறது சேரா மேடம், இல்ல பாறாங்கல்லா? அசையவே கூடாதுங்கிறீங்களே!" என்றார்.

இறுதியில் கனத்த இரும்பு நாற்காலிகள் இரண்டை எடுத்தோம். மாமனார் அமர்ந்திருக்கும்போது அவரைப் பார்க்க வந்தவர் நிற்கக்கூடாதல்லவா? மகள் முழு மூச்சோடு தள்ளியும் அவை நகரவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி, கைப்பிடிச் சுவரிலிருந்து முடிந்தவரை தள்ளிப் போட்டேன். அவளால் நகர்த்த முடியுமா என்று மட்டுமே நான் யோசித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு நாற்காலி போடுவது வீட்டாரின் கடமை. அதைக் காற்று வரும் இடத்துக்கு இழுத்துக்கொள்வது விருந்தாளியின் உரிமை. எழுந்து போகும்போது அதைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுப் போகும் வழக்கம் யாருக்கும் கிடையாது.

மாமனார் வந்த வாரத்தில், ஒரு மாலை, அவரை நலம் விசாரிக்க வீட்டுக்கார அம்மா மேலே வந்தார். "இங்கதான் காத்து வருது" என்று நாற்காலியைக் கைப்பிடிச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மகள் தாத்தாவின் காலடியில் விளையாடிக்கொண்டிருக்க, நான் அவருக்குத் தேநீர் போட உள்ளே போனேன். கீழே குக்கர் விசில் அடித்தது. "அய்யோ, அடுப்புல பருப்பு கெடக்கு! தோ வந்துர்றேன்" என்று அவர் இறங்கிப்போவது கேட்டது. நாற்காலியைப் பற்றி அந்தக் கணத்தில் எனக்கு நினைவு எழவில்லை.

பிறகு மாமனாரின் குரல் கேட்டது. அவர் கத்தவில்லை. "பாப்பா... தாத்தாட்ட வா. வா தங்கம், தாத்தாட்ட வா." குரல் மெலிந்து, தாழ்ந்து, உடைந்துவிடும் போலிருந்தது. அடுப்பை அணைத்தேனா என்று தெரியாது, வெளியே வந்திருந்தேன்.

மகள் அந்த நாற்காலியின்மேல் நின்றாள். வயிறு சுவரின் விளிம்பில் பதிந்திருக்க, உடலின் பாதி வெளியே சாய்ந்திருக்க, வரும் லாரிக்குக் கையசைத்துக்கொண்டிருந்தாள். மாமனார் தம் நாற்காலியின் கைகளை அழுத்தி எழ முயன்று, எழ முடியாமல், மீண்டும் முயன்றுகொண்டிருந்தார்.

கத்தக்கூடாது, ஓடக்கூடாது. குழந்தை திடுக்கிட்டுத் திரும்பினால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லமுடியாது. எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்த பாடம் அது. அன்று அதைக் கடைப்பிடிக்க என் கால்கள் இசையவில்லை. ஆனாலும் ஓடாமல் அடி அடியாக நெருங்கினேன்.

"லாரி வருதா? எங்க, அம்மாவுக்கும் காட்டு" என்றேன். அது என் குரல் போலவே இல்லை. அவள் திரும்பாமல், "பெரிய லாரி!" என்று இன்னும் எக்கினாள். குதிகால்கள் நாற்காலியை விட்டு எழும்பின. எட்டி அவள் இடுப்பை இரு கைகளாலும் பற்றினேன்.

லாரியைப் பார்க்கவிடவில்லை என்று அவள் வீறிட்டு அழுதாள். நான் அவளை அணைத்தபடி தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "எந்திரிக்க முடியலம்மா... எந்திரிக்கவே முடியல" என்று மாமனார் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அழுகை கேட்டு மேலே வந்த வீட்டுக்கார அம்மா, சுவரோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நடந்தது புரிந்துவிட்டது. "நான் போனதும் அந்தச் சேரை நீங்கதான தள்ளிப் போட்டிருக்கணும்" என்றார். அவர் முகம் வெளிறியிருந்தது.

அதன்பின் அந்த வெளியில் நாற்காலி என்பதே இல்லை. பெரம்பலூரிலிருந்து ஒரு கற்பலகை வரவழைத்து, வீட்டுச் சுவரை ஒட்டி, மாமனாரின் முழங்காலுக்கு ஏற்ற உயரத்தில் இரண்டு கல்தூண்கள்மேல் வைத்தோம். நான்கு ஆட்கள் கூடினால்தான் அதை அசைக்கமுடியும்.

"வர்றவங்க காத்தாட ஒக்கார ஒரு சேரு கேட்டா என்ன சொல்லுவே?" என்றார் கணவர்.

"இல்லன்னு சொல்வேன்."

"தப்பா நெனைப்பாங்கடி."

"நெனைக்கட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, வயதில் மூத்தவர் கேட்டு மறுத்த அனுபவம் எனக்கில்லை. சில நாள் கழித்து வீட்டுக்கார அம்மா வந்தார். பலகையைத் தடவிப் பார்த்தார். "இங்க காத்தே வராதே. அந்தச் சேரு ரெண்டும் எங்க?"

"உள்ள இருக்குங்கம்மா."

"ஒண்ண எடுத்தா, அப்பிடி ஓரமா..."

"வேணாங்கம்மா. இங்கயே ஒக்காருங்க."

அவர் கோபித்துக்கொண்டு இறங்கிவிடுவார் என்று நினைத்தேன். மாமனார் சற்று நகர்ந்து இடம் விட்டார். வீட்டுக்கார அம்மா அங்கேயே அமர்ந்தார். மகள் இருவருக்கும் நடுவில் ஏறிக்கொண்டாள்.

சாலையில் லாரி ஒன்று வரும் ஓசை கேட்டது. அதைப் பார்க்க மகள் பலகைமேல் எழுந்து நின்றாள். கைப்பிடிச் சுவர் அங்கிருந்து எட்டாத தூரத்தில் இருந்தது. ஆனாலும் வீட்டுக்கார அம்மாவின் கை சட்டென்று நீண்டு அவள் கவுனின் பின்பக்கத்தை இறுகப் பிடித்தது. லாரி கடந்துபோய்ப் புழுதி அடங்கிய பிறகும் அவர் அந்தப் பிடியை விடவில்லை.