பச்சைப் பொத்தான்

எந்திரம் மனிதனை மிஞ்சும் நாள் சீக்கிரம் வந்துவிடுமாம். என் மகள் கைப்பேசியில் எதையோ பார்த்துவிட்டு, "வந்தா என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள். அந்த நாள் ஏற்கெனவே வந்துவிட்டதோ என்றுதான் எனக்குப் பயம்.

நாங்கள் இன்னும் ரப்பர் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறோம். பேக்டரி பஸ்ஸில் செனாவாங் தொழிற்பேட்டைக்குப் போய் வருகிறேன். கார் பிரேக்குக்குப் போகும் சின்னச் சின்ன எலக்ட்ரானிக் போர்டுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பதினெட்டு வருடம் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிறகு கேமரா எந்திரம் வந்தது. நல்லதா கெட்டதா என்று அது திரையில் காட்டும். ஒத்துக்கொண்டால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு.

முதல் மாதம் அது கழித்த ஒரு போர்டை நான் நல்லது என்றேன். இஞ்சினியர் அதை அறுத்துப் பார்த்தார். உள்ளே மயிரிழை விரிசல்.

"எப்படித் தம்பி அதுக்குத் தெரிஞ்சது?"

"எனக்கும் தெரியலக்கா. ஆனா சரியா சொல்லிடுது."

பக்கத்து மேசைக்காரி விடவில்லை. "அது மாமியார் மாதிரி லா. எதுத்துப் பேசாம தலைய ஆட்டிட்டுப் போ."

அதன்பின் நான் சிவப்பைத் தொடவேயில்லை. அம்மா பால்மரம் சீவிய காலத்தில் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் குறை சொன்னால், அவரை அந்த மரத்தடிக்கே கூட்டிப்போய்ச் சண்டை போடுவார். நான் யாரோடு போடுவது?

போன மாதம் ஒரு போர்டின் ஓரத்தில் விரிசல் இருந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. திரை நல்லது என்றது. என் விரல் பச்சையை அழுத்திவிட்டது. போர்டு நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பேர் முன்னால் லைனை நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் இஞ்சினியரிடம் சொன்னேன். எந்திரம் எடுத்த படத்தைக் காட்டி, "எங்கக்கா?" என்றார். விரல் வைத்துக் காட்டினேன். நிழல்போல ஒரு கோடு.

"தூசியா இருக்கும். அந்த போர்டு இருந்த பெட்டியும் கார் கம்பெனிக்குப் போயிடுச்சு."

அவர் படத்தை நம்பினார். கொஞ்ச நேரத்தில் நானும் நம்பத் தொடங்கினேன். என் கண்ணை நாங்கள் இருவருமே நம்பவில்லை. மகள் சொன்ன அந்த நாள் மனிதர்களுக்கு வந்திருந்தால், இப்படித்தான் சத்தமில்லாமல் வந்திருக்கும்.

இப்போதெல்லாம் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலையைக் கடக்க வெகுநேரம் நிற்கிறேன். யாராவது காரை மெதுவாக்கி, போங்கள் என்று கைகாட்டுவார். கார் முழுதாக நிற்கும்வரை நான் காலை எடுத்து வைப்பதில்லை. அவர் ஹாரன் அடிப்பார். நான் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.