ஈரச் செவுரும் நான் சொல்லாம விட்ட பேரும்

சகோதர சகோதரிகளே, இந்தச் சாட்சியை நம்ம சபையில ரெண்டு தடவை சொல்லியிருக்கேன். ரெண்டு தடவையும் பாதிதான் சொன்னேன். இன்னைக்கு முழுசா சொல்லிடறேன்.

அறுபதுகளோட கடைசியில, ஒரு ஐப்பசி மழையில வேகவதி ஆறு பொங்கி எங்க வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி வந்துச்சு. ரெண்டு நாள் நின்னுது. வடிஞ்ச பிறகு பாத்தா, செவுரெல்லாம் ஊறி, தொட்டா மாவா உதிருது. சூளையில சுடாத பச்சைக்கல்லுல கட்டின செவுரு. வீடு பூரா பூஞ்சை நாத்தம். உக்காந்து அழுதேன். கிறிஸ்துமஸுக்கு நாத்தனார் குடும்பம் வர இருந்தாங்க. அதுக்குள்ள வீட்டை வெள்ளையாக்கிடணும்னு ஒரே நெனப்பு எனக்கு.

பக்கத்து வீட்டு காதர் பாய் கொத்தனார். அவர் வீட்டுலயும் தண்ணி பூந்திருந்துச்சு. அதை விட்டுட்டு வந்து எங்க செவுத்தைத் தட்டிப் பாத்தாரு.

"இப்போ பூசாதேம்மா. பழைய பூச்சை உரிச்சுட்டு, உத்திரத்துக்கு முட்டு குடுத்து, தை வரைக்கும் காய வுடு. உள்ள ஈரம் இருக்குது. மேல சிமெண்ட் பூசினா உள்ளயே கரைஞ்சிடும்."

"வேலை கெடைக்கணும்னு பயமுறுத்தாதீங்க பாய்"னேன்.

அவர் செருப்பை மாட்டிக்கினு போயிட்டாரு.

வேற ஆளை வச்சு சிமெண்ட் பூசி, சுண்ணாம்பு அடிச்சேன். பாக்க அழகா இருந்துச்சு.

பண்டிகைக்கு நாலு நாள் இருக்கும். மதிய நேரம். வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். மெட்ராஸ் டூட்டிக்குப் போயிருந்தாரு. நான் கெணத்தடியில துணி அலசிக்கினு இருந்தேன். அஞ்சு வயசு மக கிரேஸ் உள்ள தூங்கிக்கினு இருந்தா. திடீர்னு பெரிய சத்தம். ஓடிப்போய்ப் பாத்தா செவுரு அடியோட உக்காந்துட்டிருக்குது. உத்திரத்தோட ஒரு முனை எறங்கி டிரங்குப் பெட்டி மேல நிக்குது. பெட்டிக்குப் பின்னால இருந்து "அம்மா"ன்னு குரல் மட்டும் வருது. பெட்டி நசுங்கிக்கினே இருக்குது.

எனக்கு ஜெபிக்க வார்த்தை வரலை. "ஆண்டவரே, என் பிடிவாதத்துக்காக அவளை எடுத்துக்காதேயும்." அவ்வளவுதான் சொன்னேன்.

சொல்லி வாய் மூடலை, காதர் பாய் உள்ள வந்தாரு. உத்திரத்துக்கு அடியில தோளைக் குடுத்து நிமிந்தாரு. "இழும்மா, கொழந்தைய இழு"ன்னாரு. இழுத்தேன். அவளுக்கு நெத்தியில ஒரு கீறல், அதோட சரி. பாயோட தோள்தான் எறங்கிப் போச்சு. அதுக்கப்புறம் அந்தக் கையால பூச்சுக் கரண்டி பிடிக்க முடியலை அவரால.

சபையில நான் என்ன சொன்னேன்? "கர்த்தர் ஒரு ஆளை அனுப்பினாரு"ன்னேன். பேரைச் சொல்லலை. சொன்னா, அவர் எச்சரிச்சதையும் நான் பேசினதையும் சொல்லணுமே. வெக்கம். அவர்கிட்ட மன்னிப்பும் கேக்கலை. கஞ்சி காய்ச்சிக் கொண்டு போனேன். "கொழந்த நல்லா இருக்குதில்லம்மா, போதும்"னாரு. நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு தள்ளிக்கினே வந்தேன். அடுத்த வருஷம் குடும்பத்தோட ஆற்காட்டுக்குப் போயிட்டாரு. ரொம்ப நாள் கழிச்சு நாங்க தேடிக்கினு போனோம். அவர் மௌத்தாகி, அடக்கம் பண்ணி மூணு மாசம் ஆகியிருந்துச்சு. அவர் சம்சாரம் எங்களுக்கு டீ போட்டுக் குடுத்தாங்க.

கிரேஸ் இப்போ எட்டாவது படிக்கிறா. அவளைப் பாக்கும்போதெல்லாம் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொல்றேன். யாராவது என் தப்பை எடுத்துச் சொன்னா, இப்போ பேசாம கேட்டுக்கறேன்.

உங்களுக்கும் ஒரு நெருக்கடி வரும். ஆண்டவரைக் கூப்பிடுங்க. அவர் கேப்பாரு, அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா யார் மூலமா பதில் வந்துச்சோ, அவங்க வீட்டுக்கு அன்னைக்கே போய், சொல்ல வேண்டியதைச் சொல்லிடுங்க. நான் சொல்லலை.