கந்தளாயில் எழுதிக்கொண்ட திருத்தம்

குலசிங்கமும் ஸஹாப்தீனும் மொறட்டுவையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். கொழும்பில் வேலை பார்த்தபோது இருவருக்கும் ஒரே எரிச்சல் இருந்தது. ஒரு மென்பொருளில் சின்னத் திருத்தம் செய்தாலும், அதை ஏற்ற ஒவ்வொரு ஊருக்கும் ஆள் பஸ் ஏறிப் போகவேண்டும். அந்த அலைச்சலே இல்லாமல், தொலைபேசி இணைப்பு வழியாக எல்லாக் கணினிகளிலும் ஒரேயடியாக ஏற்றவும், சரிவராவிட்டால் பழையதைத் திரும்ப வைக்கவும் ஒரு கருவி செய்யலாம் என்று வேலையை விட்டுவிட்டுத் திருகோணமலைக்கு வந்தார்கள். உட்துறைமுக வீதியில் ஒரு மாடியறை, நாலு கணினி, இருந்து வேலை செய்ய இரண்டு கதிரை. இரண்டு வருடம் கழித்துத்தான் முதல் பெரிய வாடிக்கையாளர் கிடைத்தார்: இருபத்தாறு கிளைகள் வைத்திருந்த ஒரு மருந்துக்கடை நிறுவனம்.

2006 ஆவணி மாதம் முதல் தடவையாக எல்லாக் கிளைகளுக்கும் ஏற்ற நாள் குறித்தார்கள். ஸஹாப்தீன் அதற்கு முந்தின நாள் மனைவி பிள்ளையோடு உம்மாவைப் பார்க்க, குடாவின் மறுகரையிலிருந்த மூதூருக்குப் போனான். காலையில் குடாவைக் கடக்கும் லோஞ்சுப் படகில் வந்துவிடுவதாகச் சொன்னான்.

விடிந்ததும் குலசிங்கம் தனியே தொடங்கினான். பதினொரு கிளை முடிந்திருந்தபோது தொலைபேசி இணைப்பு அறுந்தது. அது திரும்ப வந்தபோது, மிச்சப் பதினைந்து கிளைகளிலும் ஏற்றி முடிந்துவிட்டதாகக் கருவி நினைத்துக்கொண்டு பழைய மென்பொருளை அழித்திருந்தது. கடைகள் திறக்கும் நேரம். மருந்துக்கடை நிறுவனத்தின் கொழும்பு மேலாளர் தொலைபேசியில் ஆங்கிலத்தில் கத்தினார். கருவியில் அந்தப் பகுதியை எழுதியவன் ஸஹாப்தீன். குலசிங்கம் அவன் கைத்தொலைபேசிக்கு எட்டுத் தடவை எடுத்தான். ஒன்பதாவது தடவை கிடைத்தது.

"மச்சான், லைன் அறுந்தா அத எங்க பதியுது? பழசெல்லாம் அழிஞ்சுபோச்சு."

மறுபக்கத்திலிருந்து பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"ஊருக்குள்ள ஷெல் குண்டு விழுது, குலம். உம்மாவக் கூட்டிக்கிட்டுப் பள்ளிவாசலுக்குப் போறம்."

அத்தோடு தொடர்பு போய்விட்டது.

குலசிங்கம் இறங்கித் துறைமுகத்துக்கு ஓடினான். மூதூரில் சண்டை என்று லோஞ்ச் ஓடவில்லை. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் புகை எழுந்துகொண்டிருந்தது. ஜெட்டியில் நின்ற கடற்படைக்காரன் அவனைத் திரும்பிப் போகச் சொன்னான். திரும்பினான். வேறென்ன செய்வது? அடுத்த இரண்டு நாளும் ஸஹாப்தீனின் கணினி முன்னால் உட்கார்ந்து அவன் எழுதியதை வரிவரியாக வாசித்தான். எழுத்துகள் தெரிந்தன, மூளையில் ஏறவில்லை. 'எங்க பதியுது' என்று தான் கேட்டது மட்டும் காதில் கிடந்தது. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லையே.

மூன்றாம் நாள் நிறுவனத்திலிருந்து ஃபாக்ஸ் வந்தது. ஒப்பந்தம் முடிந்தது என்று இரண்டே வரி.

அதே கிழமை, மூதூர்ச் சனம் நடந்தே கந்தளாய்க்கு வந்துவிட்டதாகக் கதை பரவியது. குலசிங்கம் இரண்டு பாய், பால்மா, சேர்ட்டுகள் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினான். நாலு இடத்தில் இராணுவத்தினர் இறக்கிச் சோதித்தார்கள். பள்ளிக்கூடமொன்றின் வளவில், கூடாரமாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே ஸஹாப்தீன் இருந்தான். பக்கத்தில் அவன் மனைவி பல்கீஸ் பிள்ளையை மடியில் கிடத்தியிருந்தாள். இருவருக்கும் காலெல்லாம் கொப்புளம்.

"உம்மா?" என்று கேட்டான் குலசிங்கம்.

"கதிரையில வெச்சுத் தூக்கிக்கிட்டு வந்தம். வழியில மௌத்தாயிட்டா. ரோட்டோரமா அடக்கினம்."

குலசிங்கம் கொண்டுவந்த பாயை விரித்தான். அதில் ஒரு மூலை மடிந்து மடிந்து வந்தது. அதையே நீவிக்கொண்டிருந்தான்.

"நீ போன்ல கேட்டியே," என்றான் ஸஹாப்தீன். "நடந்து வரக்குள்ள அதத்தான் யோசிச்சன். வேற ஒண்டயும் யோசிக்க ஏலாது. லைன் அறுந்தாலும் 'முடிஞ்சு' எண்டு எழுதிப்போடுது. முதல்ல அந்தப் பக்கக் கணினிக்கிட்ட கேக்கணும். அது ஓம் எண்டு சொன்னாத்தான் பழச அழிக்கணும். எழுது."

பல்கீஸ் குலசிங்கத்தை நிமிர்ந்து பார்த்தாள். ஒப்பந்தம் முடிந்துபோனது அவன் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் தலையைத் தடவக் குனிந்துகொண்டாள்.

அவன் பால்மாப் பெட்டியின் மட்டையைக் கிழித்து அதில் எழுதினான். ஸஹாப்தீன் ஒவ்வொரு படியையும் இரண்டு தரம் சொன்னான்; நடுவில் நிறுத்தித் திருத்தினான். சொல்லி முடித்ததும், "இண்டைக்கே போட்டுரு. கடைக்காரனுகள் பாவம்," என்றான்.

"ஓம். இண்டைக்கே போடுறன்."

திருகோணமலைக்குத் திரும்பியதும் சொன்னபடி திருத்தத்தைக் கருவியில் போட்டான். இரண்டு கணினிகளை இணைத்து, ஏற்றிக்கொண்டிருக்கும்போதே கம்பியைப் பிடுங்கிப் பார்த்தான். பழையது அப்படியே இருந்தது. மூன்று தடவை பிடுங்கினான். மூன்று தடவையும் சரியாக வேலை செய்தது. தைமாதம் அறையை ஒப்படைத்துவிட்டு ஒரு தனியார் கல்லூரியில் படிப்பிக்கப் போனான்.

ஸஹாப்தீன் அடுத்த வருடம் கட்டாருக்குப் போனான். போகும் வரையில் அந்த மருந்துக்கடைகளைப் பற்றி அவன் கேட்கவுமில்லை, ஒப்பந்தம் போனதைக் குலசிங்கம் சொல்லவுமில்லை.